நின்றுகொண்டிருந்த பொருள்

ஜன்னல் ஓரம் நீங்களே உட்காருங்க சார், எனக்குக் காற்று ஆகாது. பொள்ளாச்சிதானுங்களே? நல்லதாகப் போயிற்று, நானும் பொள்ளாச்சிதான். அந்தப் பையை மட்டும் மேலே வைக்காதீங்க. கோமங்கலம் கிட்டே இந்தப் பஸ் ஒரு குலுங்கு குலுங்கும் பாருங்க, மேலே இருக்கிற பையெல்லாம் ஆள் மாறிவிடும். போன மாதம் ஒருத்தர் வெங்காயப் பையோடு ஏறினார், இறங்கும்போது கையில் கல்யாணப் பட்டு இருந்தது. சத்தியமாக. அந்தக் கல்யாணம் வெங்காயத்தை வைத்துத்தான் நடந்ததாம்.

என்னைப் பார்த்தால் பஸ்ஸில் போகிற ஆள் மாதிரியா தெரிகிறது? வீட்டில் கார் நிற்கிறதுங்க. வெள்ளைக் கார். மேலே தார்ப்பாய், தார்ப்பாய்க்கு மேலே ஜமுக்காளம், ஜமுக்காளத்துக்கு மேலே பூனை. பிறகு ஏன் பஸ் என்று கேட்பீங்க. கேளுங்க. அந்தக் காருக்கு ஐம்பது சதவீதம் போனஸ் சார். நோ க்ளைம் போனஸ். வருடா வருடம் இன்ஷூரன்ஸ் கட்டுகிறோமல்லவா, அதில் ஒரு வருடம் முழுக்க அடிபட்டேன் உதைபட்டேன் என்று கம்பெனிக்காரனிடம் பணம் கேட்காமல் இருந்தால், அடுத்த வருடம் கொஞ்சம் குறைத்து வாங்குவான். இப்படியே ஐந்து வருடம் கேட்காமல் இருந்தால், நம் வண்டிக்கு வருகிற சேதத்துக்காகக் கட்டுகிற பங்கில் பாதிக்குப் பாதி தள்ளுபடி. அதற்கு மேல் கிடையாது. உச்சாணிக் கொம்பு அதுதான். எட்டு வருடமாக ஒரு பைசா கேட்காமல் நான் அதில் ஏறி உட்கார்ந்திருக்கிறேன். அப்படிப்பட்ட காரை ரோட்டுக்கு எடுத்துப்போய், எவனாவது டூவீலர்காரன் உரசி வைத்தால் என்ன ஆகும்? அதனால்தான் கார் வீட்டில் பத்திரமாக இருக்கிறது, நான் பஸ்ஸில் இருக்கிறேன்.

முன்னால் மூன்றாவது சீட்டில், மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு கழுத்தைத் திருப்பாமல் உட்கார்ந்திருக்கிறாள் பாருங்க, அதுதான் என் வீட்டுக்காரி, மயிலாத்தாள். முகம் அந்தப் பக்கம் இருக்குமே தவிர, காது இந்தப் பக்கம்தான். கொஞ்சம் மெதுவாகவே பேசுகிறேன்.

அந்தப் போனஸைப் போன மாதம் பறிகொடுக்கப் பார்த்தேன் சார். மயிரிழையில் தப்பியது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் யானையைச் சொல்ல வேண்டும்.

எட்டு வருடத்துக்கு முன்னால். கார் வாங்கி ஒரு மாதம் கூட ஆகவில்லை. மூணாறு ரோட்டில், ஒன்பதாறு வனத்துறைச் செக்போஸ்ட் தாண்டித் தனியாகப் போய்க்கொண்டிருக்கிறேன். நடுரோட்டில் ஒரு ஒற்றைக் கொம்பன். வலது பக்கம் மட்டும்தான் தந்தம். நான் பிரேக் போட்டேன். அது என்னைப் பார்த்தது. நான் அதைப் பார்த்தேன். மின்சார வாரியத்தில் முப்பத்தோரு வருடம் லைன் இன்ஸ்பெக்டர் சார் நான், இருபத்திரண்டாயிரம் வோல்ட்டுக்குப் பக்கத்தில் நின்று சோறு தின்றவன். இந்த நாச்சிமுத்து பயப்படுவானா? வண்டியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். யானை மெதுவாகச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்தது. காலை ஒருமுறை தரையில் தேய்த்தது. அப்புறம் டிக்கிமேல் உட்கார்ந்தது. உட்கார்ந்தது சார்! கல்யாண வீட்டில் பெரிய மனுசன் சேரில் உட்கார்கிற மாதிரி. முன்சக்கரம் இரண்டும் அந்தரத்தில். கால் மணி நேரம். எழுந்து போகும்போது, உட்கார்ந்த இடத்தைத் தும்பிக்கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போயிற்று. மரியாதை தெரிந்த யானை.

கேட்டதா? முன்னாலிருந்து குரல் வந்ததே. "எடது பக்கமுங்க" என்கிறாள். தந்தத்தைச் சொல்கிறாள். ஆமாம், இடது பக்கம்தான். அவள் சொன்னால் சரியாக இருக்கும். அன்றைக்கு அவள் கூட வரவில்லை, ஆனாலும் ஞாபகமெல்லாம் அவளிடம்தான் இருக்கிறது.

அந்த யானைக் கதை உடுமலையில் தெரியாத ஆள் கிடையாது. சலூனில் என்னைப் பார்த்தாலே நாற்காலியைத் துடைத்து, "யானைக்காரரே, உக்காருங்க, நீங்க உக்காந்தாத் தாங்கும்" என்பார்கள். கதை கொஞ்சம் வளர்ந்தும் விட்டது. இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து இரண்டு காரில் ஆள் வந்தார்கள், மாலை போட்டார்கள், முழுப் பணத்தையும் தட்டில் வைத்துக் கொடுத்தார்கள் என்றெல்லாம் சொல்லியிருக்கிறேன். மாலை போட்ட போட்டோ எங்கே என்று கேட்டால், கரையான்.

இதெல்லாம் முக்கியமாக ஒருத்தனுக்காகத்தான். சென்னியப்பன். மயிலாத்தாளின் தம்பி. பக்கத்து வீடு. என் மாமனார் இருந்த இடத்தை நடுவில் பிரித்து மகளுக்குப் பாதி, மகனுக்குப் பாதி எழுதி வைத்துவிட்டுப் போனார். நடுவில் சுவர் கிடையாது, துணி துவைக்கிற கல் ஒன்றுதான் எல்லை. நான் ரிட்டையராகிக் கார் வாங்கிய அன்றைக்கே, ஊர்க்காரர் பத்துப் பேர் முன்னால் இந்தச் சென்னியப்பன், "மச்சானுக்குக் கம்பத்துல மேலே ஏறத்தான் தெரியும், வண்டியப் பின்னால எடுக்கத் தெரியாது" என்றான். சிரித்தார்கள் சார். பத்துப் பேரும் சிரித்தார்கள்.

அடுத்த மாதம் அவன் குடும்பத்தோடு குலதெய்வம் கோயிலுக்குப் போய்விட்டு வந்து பார்க்கிறான், என் காரின் பின்பக்கம் நசுங்கியிருக்கிறது. "என்ன மச்சான் ஆச்சு?" என்றான். "யானை" என்றேன். வாயைத் திறந்தவன் ஒரு வாரம் மூடவில்லை. அந்த வாரமே டிங்கரிங் கடையில் விட்டு, என் கைக்காசைப் போட்டு முக்கால்வாசி நேராக்கினேன். மிச்சத்தை ஞாபகார்த்தமாக விட்டுவிடுங்கள் என்று நான்தான் சொன்னேன்.

கைக்காசா, கம்பெனி பணமா என்றா கேட்கிறீங்க? நல்லாக் கவனித்துக் கேட்கிறீங்க சார். பொறுங்க, வருகிறேன்.

இத்தனை வருடம் என் இன்ஷூரன்ஸைப் பார்த்துக்கொண்டவர் ஒரு பழைய ஏஜென்ட். ஒன்றும் கேட்கமாட்டார், அவரே எழுதிக்கொண்டு போவார். அவர் மகள் வீட்டோடு பெங்களூர் போய்விட்டார். எனக்குத் தேதி மறந்து பாலிசி பன்னிரண்டு நாள் காலாவதியாகிவிட்டது. வேறு கம்பெனிக்கு மாறலாம் என்று விசாரித்தபோது வந்த புது ஏஜென்ட்தான் வான்மதி. முப்பது வயது இருக்கும். ரொம்ப நல்ல பெண். ஒரே ஒரு குறை, எதைச் சொன்னாலும் நம்பிவிடுவாள். நம்பினாலும் பரவாயில்லை, எழுதிவிடுவாள்.

கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். வண்டி எந்த ஊர்ப் பதிவு என்றாள். உடுமலை என்றேன். "நல்லதுங்க ஐயா, சென்னை மாதிரி பெரிய ஊர்னா கூட வரும். நம்ம ஊருக்குக் கொறச்சல்தான்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. நம் ஊருக்கு என்ன குறைச்சல்? இன்ஜின் எவ்வளவு பெரிது என்றாள். ஆர்.சி.யைப் பார்த்துவிட்டு அவளே, "சின்ன இன்ஜின்தான், அதுக்கும் கொறச்சல்" என்றாள். வந்ததிலிருந்து குறைச்சல் குறைச்சல் என்றே பேசினால் மனுசனுக்கு எப்படி இருக்கும்?

அடுத்தது மதிப்பு. "வண்டிக்கு எட்டு வயசாச்சுங்க ஐயா. வயசாக ஆக வருசா வருசம் மதிப்பு கொறஞ்சுட்டே வரும்" என்றாள். உள்ளேயிருந்து மயிலாத்தாள், "வாஸ்தவம் கண்ணு" என்றாள். கார் விஷயத்தில் அவள் அபிப்பிராயம் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் விடவில்லை. "எம்பட காரு மதிப்பு குறையாது, கூட்டிப் போடு" என்றேன். "கூட்டினாப் பிரீமியமும் கூடுமுங்க" என்றாள். கூடட்டும் என்றேன். கம்பெனி எந்த அளவுக்குள் சம்மதிக்குமோ அதன் கடைசி நுனி வரைக்கும் கூட்டினாள்.

தனியாக ஏதாவது பொருத்தியிருக்கிறீங்களா என்றாள். பாட்டுப் பெட்டி இருக்கிறது, சிங்கப்பூர் சாமான், போட்டால் பக்கத்துத் தெரு ஆடும் என்றேன். எழுதிக்கொண்டாள், அதற்கும் சேர்ந்தது. அது உடுமலை சந்தையில் வாங்கியதுங்க, பாடி மூன்று வருடம் ஆகிறது. திருட்டைத் தடுக்க ஏதாவது கருவி இருந்தால் கொஞ்சம் குறையும் என்றாள். "மயிலாத்தாள் இருக்கிறாள், அவளைத் தாண்டி இந்த வாசலில் ஒரு வெளக்குமாறு கூடத் திருட்டுப் போனதில்லை" என்றேன். அதை மட்டும் எழுதவில்லை. ஏதோ வாகன ஆராய்ச்சிச் சங்கம் முத்திரை போட்ட கருவியாக இருக்க வேண்டுமாம்.

"சின்னச் சேதம் வந்தா இவ்வளவு ரூபாய் வரைக்கும் நானே போட்டுக்கறேன்னு ஒத்துக்கிட்டாலும் கொறையுமுங்க ஐயா" என்றாள்.

"அதத்தானே கண்ணு எட்டு வருசமாப் பண்றாரு" என்று மறுபடியும் உள்ளேயிருந்து குரல்.

நான் சட்டென்று பேச்சை மாற்றினேன். மாற்றித்தான் கெட்டேன். ஏனென்றால் அவள் அடுத்ததாகக் கேட்டது, "இதுக்கு முன்னாடி எப்பவாவது க்ளைம் வாங்கியிருக்கீங்களா?" என்பது.

சார், நீங்களே சொல்லுங்க. யானைக்காரரைப் பார்த்து ஒருத்தி க்ளைம் வாங்கியிருக்கீங்களா என்று கேட்கிறாள். பக்கத்து வீட்டில் சென்னியப்பன் ஜன்னலோரம் சவரம் பண்ணிக்கொண்டிருக்கிறான். எனக்கு வாய் சும்மா இருக்குமா? ஆரம்பித்தேன். செக்போஸ்ட், ஒற்றைக் கொம்பன், டிக்கி, அந்தரத்தில் சக்கரம், இரண்டு கார், மாலை, தட்டு. அவள் கண் விரிய விரியக் கேட்டாள். நடுவில் ஒருமுறை, "ஐயோ பாவம், யானைக்கு அடிபடலீங்களே?" என்று கேட்டாள். என் வாழ்நாளில் இப்படி ஒரு ரசிகையைப் பார்த்ததில்லை.

எல்லாம் முடிந்து ஒரு தொகை சொன்னாள். போன வருடம் கட்டியதைப் போல ஏறக்குறைய இரண்டு பங்கு.

"ஏன் கண்ணு இத்தனை?" என்றாள் மயிலாத்தாள்.

"மதிப்பு கூட்டியிருக்கோம், பாட்டுப் பெட்டி சேத்திருக்கோமுங்க அம்மா. அதெல்லாம் கொஞ்சம்தான். பெருசாப் போனது போனஸுதான். யானைக்கு க்ளைம் வாங்கிட்டாருல்ல? அதை மறைச்சு போனஸ் கேட்டா, நாளைக்கு நெசமாவே ஒரு விபத்துன்னா கம்பெனி பணமே தராது. நான் பொய் எழுத மாட்டேனுங்க."

நான் தொண்டையைச் செருமி, குரலைக் குறைத்து, க்ளைம் எல்லாம் வாங்கவில்லை, அது பேச்சுக்குச் சொன்னது என்றேன். அந்தப் பெண் முகத்தில் ஒரு வாட்டம். "அப்போ யானை?" என்றாள். அப்போது பார்த்துச் சென்னியப்பன் சவரத்தை நிறுத்திவிட்டான். பிளேடு சத்தம் நின்றது எனக்கே கேட்டது. "யானை உண்மை" என்று சத்தமாகச் சொன்னேன்.

பழைய கம்பெனியில் விசாரித்து எழுதி வாங்குகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். நான்கு நாள் கழித்து போன். "ஐயா, லெட்டர் வந்துருச்சு. எட்டு வருசத்துல ஒரு க்ளைமும் இல்லைனு இருக்கு. யானை பத்தி அவங்களுக்கு ஒண்ணுமே தெரியலீங்க." நான் சொன்ன வாக்குமூலம் ஒன்று, கடிதத்தில் வேறொன்று. பாலிசியும் காலாவதி. அதனால் ஆள் வந்து வண்டியை நேரில் பார்த்து எழுதிக் கொடுத்தால்தான் போனஸ் உண்டா இல்லையா என்று முடிவாகும் என்று அவள் சொல்ல நினைத்தாள் போலிருக்கிறது. நான் அதற்குள் போனை மயிலாத்தாளிடம் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டேன். மயிலாத்தாள் காதில் விழுந்தது கடைசி வரி மட்டும்தான். "நாளைக்குக் காலைல சர்வேயர் வர்றாருங்க, வீட்டுல இருங்க."

சர்வேயர். சார், நம் ஊரில் சர்வேயர் என்றால் யார்? சங்கிலி போட்டு நிலம் அளக்கிறவர். வேறு சர்வேயர் உண்டு என்று எனக்கு அறுபத்தாறு வயது வரைக்கும் யாரும் சொல்லவில்லை.

அவ்வளவுதான். நான் பீரோவிலிருந்து பட்டா, பத்திரம் எல்லாம் எடுத்துத் தூசி தட்டினேன். மயிலாத்தாள் விடிவதற்குள் எழுந்து வாசல் கூட்டி, எல்லைக் கல் பளிச்சென்று தெரிய வேண்டுமே என்று துவைக்கிற கல்லைத் தேய்த்துக் கழுவினாள். அந்தக் கல்லின் எங்கள் பக்கத்தில் எப்போதும் ஒரு பெரிய அண்டாவைச் சாய்த்து வைத்திருப்பாள். எட்டு வருடமாக அங்கேதான் இருக்கும். எதற்கு என்று நான் கேட்டதில்லை. அன்றைக்கு அதையும் எடுத்து உள்ளே வைத்துவிட்டாள். பாசி போகக் கல்லை அப்படித் தேய்த்திருக்கிறாள்.

இதற்குள் சென்னியப்பனுக்கு விஷயம் போய்விட்டது. எல்லை அளக்க ஆள் வருகிறார் என்றால் அவன் சும்மா இருப்பானா? டேப் ஒன்று, சாட்சிக்கு மூன்று பேர், வெள்ளை வேட்டி. எட்டு மணிக்கே வந்து கல்லுக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டான்.

சர்வேயர் வந்தார். பெயர் நௌஷாத். கோயம்புத்தூர்க்காரர். கையில் சங்கிலி இல்லை, போன் மட்டும்தான். நான் பட்டாவை நீட்டினேன். "இது எதுக்குங்க ஐயா? ஆர்.சி. குடுங்க" என்றார். சென்னியப்பன் குறுக்கே விழுந்தான்.

"ஏனுங்க சார், அளக்கறதுன்னா இந்தக் கல்லுல இருந்து அளங்க. இது எங்கப்பன் போட்ட எல்லை. எட்டு வருசத்துக்கு முன்னால நான் கோயிலுக்குப் போயிட்டு வந்து பாக்கறேன், எம்பட பக்கம் ஒரு அடி தள்ளி இருக்குது. கல்லுக்குக் காலா மொளச்சுது? இன்னைக்குத் தெரிஞ்சாகணும்."

"நான் காரைப் பாக்க வந்தவனுங்க" என்றார் நௌஷாத். ஆனால் கல் என்றதும் அவர் கண் கல்லுக்குப் போயிற்று. குனிந்தார். கழுவி வைத்த கல்லில், முழங்கால் உயரத்தில், ஒரு சாண் அகலத்துக்கு வெள்ளைப் பெயிண்ட் ஒட்டியிருந்தது. விரலால் தடவிப் பார்த்தார். அங்கிருந்து காருக்கு வந்தார். பின்பக்கம் குனிந்தார். மறுபடியும் கல்லைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

அந்தக் கல்லில் வெள்ளைப் பெயிண்ட் எப்படி வந்தது என்று எனக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது சார். நீங்கள் அப்படிப் பார்க்காதீங்க.

"ஐயா, யானை டிக்கிமேல உக்காந்துச்சுன்னு சொல்லியிருக்கீங்க" என்றார் நௌஷாத். "உக்காந்தா மேல நசுங்கணும். இது கீழே, பம்பர்கிட்ட, ஒரே இடத்துல குத்து வாங்கியிருக்கு. பணம் வாங்கினேன்னு ஒரு தடவை சொல்லியிருக்கீங்க, வாங்கலைன்னு ஒரு தடவை. நான் ஒண்ணுதான் எழுத முடியும். எதுல பட்டது? சொல்லுங்க."

என் நிலைமையை யோசித்துப் பாருங்க. க்ளைம் வாங்கினேன் என்றால் எட்டு வருடத்துப் போனஸ் அங்கேயே செத்தது. யானை இல்லை என்றால் அந்தக் குத்துக்கு வேறு ஒரு பெயர் சொல்ல வேண்டும், அந்தப் பெயரைக் கேட்கச் சென்னியப்பன் டேப்பும் கையுமாக நிற்கிறான், கூடச் சாட்சிக்கு மூன்று பேர். அதே பத்துப் பேரில் இரண்டு பேர் அந்த மூன்றில் இருந்தார்கள் சார். சாயங்காலத்துக்குள் சலூனில் நாற்காலி துடைப்பதை நிறுத்திவிடுவார்கள். அப்புறம் சாகிற வரைக்கும் நான் கல்லுக்காரர்தான்.

கையிலிருந்த பட்டாவை நான்காக மடித்தேன், எட்டாக மடித்தேன். லைனில் நிற்கும்போது இடி விழுந்தபோது கூடப் பேச்சை நிறுத்தாதவன் நான்.

அப்போதுதான் மயிலாத்தாள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தாள். அவளுக்குக் கதை சொல்லவே வராதுங்க. நீட்டவும் தெரியாது, நிறுத்தவும் தெரியாது. காரியத்தைக் கெடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

"யானை உக்காரலீங்க சார். அது இவரு சும்மா சொல்றது" என்றாள். எனக்கு உயிர் போய்விட்டது. சென்னியப்பன் ஒரு அடி முன்னால் வந்தான்.

"நின்னுச்சு. கல்லாட்டம் அதுபாட்டுக்கு நின்னுட்டிருந்துச்சு. அதும்மேல ஒரு தப்பும் இல்லீங்க. இவருதான் பின்னால பாக்காம வந்து இடிச்சாரு. பணம் எதுவும் வாங்கலீங்க. யாரு கிட்டப் போயிக் கேக்கறது? எட்டு வருசமா ஒரு பைசா கேக்கல. அதை வேணும்னா எந்தக் கோயில்ல வேணாலும் சத்தியம் பண்றேன்."

நௌஷாத் அவளைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். சென்னியப்பன் கையிலிருந்த டேப்பைப் பார்த்தார். கல்யாணம் ஆனவர் சார் அவர், கையில் மோதிரம் இருந்தது. கொஞ்ச நேரம் போனில் தட்டினார். அப்புறம், கேட்டுக்கோங்க என்று சத்தமாகப் படித்தார். "பின்னோக்கி எடுக்கும்போது, நின்றுகொண்டிருந்த பொருள்மீது மோதல். பழைய சேதம். இழப்பீடு கோரப்படவில்லை."

"பொருள்னா எதுங்க?" என்றான் சென்னியப்பன்.

"அசையாம நிக்கறது எல்லாமே எங்களுக்குப் பொருள்தாங்க."

"யானையுமா?"

"நின்னுட்டிருந்தா."

அவன் யோசித்தான். அவனுக்கு யோசனை மெதுவாகத்தான் வரும். "அப்போ எம்பட ஒரு அடி?" என்றான்.

"அதுக்கென்னடா, நீயும் உன்ற ஆளுங்களும் நாலு பேரு இருக்கீங்க. நகத்தி வெச்சுக்கோ" என்றாள் மயிலாத்தாள்.

நான்கு பேரும் வேட்டியை மடித்துக் கட்டித் தள்ளினார்கள் பாருங்க. ஒன்றும் நடக்கவில்லை. கடப்பாரை கொண்டுவந்து நெம்பி, முக்கித் தக்கி அரை அடிதான் நகர்ந்தது. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நான்கு ஆம்பிளைகள் சேர்ந்து நகர்த்த முடியாததை என் சின்ன இன்ஜின் ஒரே தள்ளில் ஒரு முழு அடி... யானையைச் சொல்கிறேன் சார். யானையை. யானை நகர்ந்ததைச் சொல்கிறேன்.

எப்படியோ, போனஸ் வந்துவிட்டது. வான்மதியே வந்து பாலிசியைக் கையில் கொடுத்தாள். ஐம்பது சதவீதம் என்று அச்சடித்திருந்தது. "யானை நின்னுட்டு மட்டும் இருந்ததுல எனக்கும் சந்தோசமுங்க ஐயா" என்றாள். சலூனிலும் கதையைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டேன். இப்போது யானை உட்காரவில்லை. நான் பின்னால் வந்து இடிக்கிறேன், அது அசையவே இல்லை. இப்படிச் சொன்னாலும் கதை நன்றாகத்தான் இருக்கிறது. யானையை இடித்தவன் என்றால் இன்னும் கொஞ்சம் மரியாதை.

ஆனால் மயிலாத்தாள் அன்றைக்கு ராத்திரி சோறு போடும்போது ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். "அந்தக் கல்லு நடுவுல விண்டு எட்டு வருசமாச்சு. சேலை மாட்டிக் கிழியுது." அவ்வளவுதான். கோபமும் இல்லை, ஒன்றும் இல்லை. ரசம் ஊற்றினாள். நான் ரசத்தைக் குடித்துவிட்டு, வாசிங் மெஷின் வாங்கிவிடலாம் என்றேன்.

அதற்குத்தான் இப்போது பொள்ளாச்சி போகிறோம். மெஷின் விலைக்கு இந்தப் போனஸ் மாதிரி ஐந்து போனஸ் வேண்டும் என்று கணக்குப் பார்த்துச் சொல்லாதீங்க. போனஸ் போனஸ்தான், மெஷின் மெஷின்தான்.

கோமங்கலம் வந்துவிட்டது, பையைப் பிடித்துக்கோங்க.

பிடித்தீங்களா? போய்விட்டது. இனி பயமில்லை.

ஒன்று மட்டும் உங்களிடம் கேட்க வேண்டும். நீங்கள் வெளியூர், படித்தவர். நேற்று நான், மெஷின்தான் வரப்போகிறதே, இந்தக் கல்லை ஆள் வைத்து எடுத்துவிடலாம், காரைத் திருப்ப இடமும் கிடைக்கும் என்றேன். வேண்டாம் என்கிறாள். அண்டாவைக் கொண்டுவந்து பழையபடி அதன்மேல் சாய்த்து வைத்துவிட்டாள். ஏன்டி வேண்டாம், துவைக்கவும் போவதில்லை, எதற்கு அது என்று கேட்டேன்.

"அதை எடுத்துட்டா யானையக் கொண்டுபோயி எங்கே நிறுத்தறது?" என்கிறாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. உங்களுக்கு விளங்குகிறதா சார்?